காலை ஆறு மணிக் காய்ச்சலும் கிளினிக் சீட்டும்

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. பள்ளிக்கு அனுப்பலாமா, வேண்டாமா? உம்பாய், செர்க்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் இதை யோசிக்கப் பெற்றோருக்கு அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ஏழரைக்குப் பள்ளி மணி அடித்துவிடும்; வேன் அதற்கு வெகு முன்பே வாசலில் வந்து நிற்கும்; ஆயர் குரோ, பத்து பிரண்டாம் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் அதற்கும் முந்திக்கொள்ளும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மூடி பனடோல் மருந்தைக் குடிக்க வைத்து, 'முடியலன்னா டீச்சர்கிட்ட சொல்லு' என்று வேனில் ஏற்றிவிடும் வீடும் உண்டு. 'இன்னைக்கு வேணாம், படு' என்று போர்த்திவிட்டு, யாருடைய லீவைப் போடுவது என்று கணவனும் மனைவியும் பேரம் பேசும் வீடும் உண்டு. வீட்டில் நிறுத்திய பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போனால் அங்கே முதலில் கேட்கப்படுவது, எம்.சி. எங்கே என்பதுதான். மருத்துவரின் இந்த விடுப்புச் சீட்டைச் சுற்றியே நம் பள்ளிகளின் நோய் விடுப்பு வழக்கம் வளர்ந்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் நேற்று வராமல் போனது முறைதானா என்பதற்கே அந்தச் சீட்டு விடை சொல்லும். காலை ஆறு மணிக்குத் தாய் கேட்டுக்கொள்வதோ, இன்று அனுப்பலாமா என்று. முன்னதற்கான விடையை வைத்துப் பின்னதையும் நடத்தப் பார்ப்பதில்தான் இந்த வழக்கத்தின் கோளாறு இருக்கிறது.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம். 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத் திருத்தத்தின்படி 2003 ஜனவரி முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத, தொடர்ந்து அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அளவுக்குப் போவது அரிது. அன்றாடம் பெற்றோர் அஞ்சுவது எச்சரிக்கைக் கடிதத்துக்கு. காரணமில்லாமல் தொடர்ந்து 3 நாள் வராவிட்டால் முதல் கடிதம் வரும். விட்டு விட்டு 10 நாள் வராமற்போனாலும் வரும். வகுப்பாசிரியர் ஒவ்வொரு நாளும் வருகையைக் கல்வி அமைச்சின் இணையப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். வராதவருக்குக் காரணம் குறித்தாக வேண்டும். ஓரிரு நாள் என்றால் பெற்றோர் எழுதித் தரும் கடிதத்தையோ புலனச் செய்தியையோ ஏற்கும் ஆசிரியர்கள் பலர், எம்.சி. இல்லாமல் நோய் என்று பதிய மறுப்பவர்களும் உண்டு. பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் இது மாறும். மறுபேச்சுக்கு இடம் தராத ஒரே ஆவணம் எம்.சி. என்பதால், ஐயம் வந்தால் எல்லாரும் அதன் பக்கமே ஒதுங்குகிறார்கள். ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் முழு வருகைக்கான பரிசு வேறு இந்த வழக்கத்துக்கு மெருகு ஏற்றுகிறது.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. மலாக்கா மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. தோட்ட வாழ்க்கையில் பள்ளிக்கூடம் வேலைக்கு அடுத்தபடியாகத்தான் வந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தால்தான் அன்றைய கூலி. தாயும் தகப்பனும் பால்மரக் காட்டுக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை வீட்டில் நிற்கும். கொஞ்சம் வளர்ந்த பையன் கோப்பைப் பால் எடுக்கவும், பிற்காலத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கவும் துணைக்குப் போவான். கேட்டால் 'காய்ச்சல் டீச்சர்' என்ற ஒரே விடை. அந்தக் காலத்தில் ஆதாரம் கேட்ட ஆசிரியர் பிள்ளையின் பக்கம் நின்றவர். பெற்றோரின் வசதிக்காகப் பிள்ளையின் படிப்பு பறிபோகாமல் இருக்க வெளியாள் ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டது. இன்றும் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கும் அக்காவும், பெற்றோரின் இரவு ஷிப்டு முடிந்த தூக்கத்தால் வேனைத் தவறவிடும் பிள்ளையும் இல்லாமல் போகவில்லை. ஆகவே, ஆதாரம் கேட்பதையே கைவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த வரலாற்றைப் படிக்காதவர்.

இரண்டாவது நன்மை இதைவிடப் பெரியது. சீட்டு வாங்கப் போகும் சாக்கில் பிள்ளை ஒரு மருத்துவரின் கண்ணில் படுகிறது. நம் நாட்டில் காய்ச்சல் என்றால் டிங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. 2019இல் மலேசியாவில் 1,30,101 டிங்கி நோயாளிகள் பதிவானார்கள், 182 பேர் இறந்தார்கள். 2023இல் 1,23,133 நோயாளிகள், 100 இறப்பு. டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும், இரத்த அழுத்தம் சரியும். 'காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம்' என்று வீடு மூச்சு விடுகிற நேரமும் அதுவே. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து துவண்டு கிடப்பது ஆகிய அடையாளங்களைத் தாய் கவனிக்காமல் விடலாம். கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனை கவனித்துவிடும். கை, கால், வாய் நோயும் அப்படித்தான். 1997இல் சரவாக்கில் அந்த நோய் பரவியபோது ஏறத்தாழ 30 குழந்தைகள் இறந்தார்கள். அது சட்டப்படி சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். பாலர் பள்ளியில் யாருக்கு வந்தது என்று தெரிந்தால்தான் மற்றப் பிள்ளைகளைக் காக்க முடியும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம் என்பதால், சீட்டு கேட்பது ஏழையை ஒரேயடியாக வதைக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு நன்மை இருந்தும் இந்த வழக்கம் ஏன் சறுக்குகிறது? பிள்ளைகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை சாதாரண வைரஸ் சளிதான். ஒருநாள் வயிற்றுப்போக்கும் இலேசான காய்ச்சலும் அடுத்தபடி. இவற்றுக்கு மருத்துவர் செய்யக்கூடியது குறைவு. வீட்டில் ஓய்வும் நீராகாரமும் போதும். இந்தப் பிள்ளையையும் சீட்டுக்காகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் நடப்பது என்ன? காலையில் எண் எடுத்து, இருமிக்கொண்டிருக்கும் முதியவர்களுக்கும் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகளுக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். பள்ளியில் பரவக் கூடாது என்று நிறுத்திய நோய் கிளினிக்கில் பரவும். முதல் நாள் இரவு வாந்தி எடுத்த பிள்ளை, மருத்துவர் முன்னால் வரும்போது பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும். 'எத்தனை தடவை வாந்தி எடுத்தான்?' என்று அவர் கேட்பார். தாய் சொல்வதை எழுதுவார். சீட்டில் முத்திரை விழும். அதாவது, பள்ளி நம்ப மறுத்த தாயின் சொல்லே முத்திரை குத்தப்பட்டுத் திரும்பி வருகிறது. அனுப்புவதா நிறுத்துவதா என்று வீடு முடிவெடுத்துப் பல மணி நேரம் கழித்து வரும் அந்தத் தாள், கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்றது.

வசதியும் இங்கே வேலை செய்கிறது. கார் வைத்திருப்பவர், தாமான் முனையில் இருக்கும் தனியார் கிளினிக்கில் பணம் கட்டி அரை மணி நேரத்தில் சீட்டோடு வெளியே வந்துவிடுவார். செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் இருப்பவர் மோட்டார் சைக்கிளில் காய்ச்சல் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். இருவரின் பிள்ளைக்கும் ஒரே சளி. பதிவேட்டில் ஒருவருக்கு நோய் விடுப்பு, மற்றவருக்குக் காரணமில்லா வராமை. எல்லாரிடமும் ஒரே ஆவணத்தைக் கேட்பது சமநீதி போலத் தோன்றும். அந்த ஆவணத்தைப் பெற ஆகும் செலவு வீட்டுக்கு வீடு வேறுபடும்போது அந்தச் சமநீதி தாளோடு நின்றுவிடுகிறது.

இதைவிடக் கெட்ட விளைவு, நிறுத்தப்பட வேண்டிய பிள்ளை அனுப்பப்படுவது. நிறுத்தினால் கிளினிக், சீட்டு, ஒருநாள் சம்பளம் எல்லாம் பின்னால் வரும். அனுப்பினால் ஒரு மூடி மருந்தோடு முடிந்துவிடும். பாரசிட்டமால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை காய்ச்சலை அடக்கி வைக்கும். ஆறு மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் பத்து மணிக்கு மேல் தணிகிறது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை நீள்மேசையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு பிள்ளை மேசையில் தலை சாய்க்கிறது. ஆசிரியர் தொட்டுப் பார்த்தால் நெருப்பு. நம் பள்ளிகளில் நிரந்தரத் தாதி கிடையாது. சிகிச்சை அறை என்று பெயர்ப் பலகை தொங்கும் இடத்தில் ஒரு கட்டிலும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். தாயைக் கூப்பிட்டால் கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் மணியடித்துக்கொண்டிருக்கும். வேன் ஒரு மணிக்குத்தான் வரும். தோட்டப் பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை நடந்தே வீடு சேர்ந்திருக்கும். பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டு, பிள்ளைகளை வேன்களில் வரவழைக்கும் இன்றைய பள்ளியில் அதற்கு வழியில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் பாடம் கேட்டவர் யாரும் இல்லை: நோயாளிப் பிள்ளைக்கு முடியவில்லை, ஆசிரியருக்குக் கவனம் இல்லை, பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல்.

இந்தத் தவறுக்குப் பள்ளியே பரிசும் கொடுக்கிறது என்பதுதான் வேடிக்கை. முழு வருகைப் பரிசு யாருக்குப் போகிறது? அந்த ஆண்டு நோய் எதுவும் அண்டாத பிள்ளைக்கு. அல்லது நோயோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு. முன்னவருடையது அதிர்ஷ்டம், பின்னவர் செய்தது மற்றவர்களுக்குத் தீங்கு. இரண்டுமே கோப்பை வாங்கத் தக்கவை ஆகா. ஆஸ்துமாவோ இரத்தக் குறைபாடோ உள்ள பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அந்த மேடையில் ஏற முடியாது. ஒழுங்காக வருவதை ஊக்குவிக்கத்தானே பரிசு என்று தலைமையாசிரியர்கள் சொல்லக்கூடும். நோக்கம் சரிதான். அப்படியானால் காரணமில்லாமல் ஒருநாளும் வராமல் இருக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாம். நோய் நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பெரியவர்கள் உலகிலும் இதற்கு இரட்டை உண்டு. தொழிற்சாலைகள் பல மாதாமாதம் வருகைப்படி கொடுக்கின்றன. எமர்ஜென்சி லீவு ஒன்று போட்டாலே அந்த மாதப் படி போய்விடும். பிள்ளை கோப்பைக்காகவும் தாய் படிக்காகவும் காய்ச்சலை மறைக்க நேரும் வீட்டில் வெப்பமானி எந்த எண்ணைக் காட்டினாலும் முடிவு மாறாது.

சந்தேகம் வந்தாலே வீட்டில் நிறுத்திவிடுவதும் விடையாகாது. அதையும் இதே கண்டிப்போடு எடைபோட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஆண்டில் ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நிறுத்தினால் 12 முதல் 16 நாள் போய்விடும். இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுமுறையே 8 நாள்தான்! சளி போன பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அது முடியும் வரை நிறுத்துவதென்றால் பிள்ளை எழுத்துக்கூட்டப் பழகுவது எப்போது? வீட்டில் நிறுத்துவதால் தடுக்கக்கூடிய பரவலுக்கும் எல்லை உண்டு. இன்புளுவென்சா வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். 2025 அக்டோபரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்களை இந்த நோய் தொற்றி, சில பள்ளிகளை மூட வேண்டிவந்ததற்கு அந்த வேகமும் ஒரு காரணம். கை, கால், வாய் நோயின் வைரஸ் கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரம் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும்; மதுசாரக் கைத்திரவத்துக்கு அது எளிதில் மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஆகவே கழிப்பறைக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பது சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இளைத்த வேலையில்லை.

அப்படியானால் எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்வது? உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் தரும் அறிவுரையைத் திரட்டினால் மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன. பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க முடியுமா? மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர் இந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வருமா? பள்ளியில் எளிதாகப் பரவக்கூடிய, கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் பரவல் குறையக்கூடிய நோயா? முதல் கேள்விக்கு இல்லை என்றோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றோ விடை வந்தால் வீடுதான். நடைமுறையில் சொன்னால், 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், மருந்து இல்லாமலேயே ஒரு முழு நாள் அது தலைகாட்டாமல் இருக்கும் வரை நிறுத்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆக வேண்டும். கையிலும் வாயிலும் கொப்புளம் கண்டால் காயும் வரை வெளியே போகக் கூடாது. மூச்சு வாங்கினாலோ எழுந்து உட்கார முடியாமல் துவண்டாலோ பள்ளி என்ற பேச்சே வேண்டாம், மருத்துவமனைதான். மூக்கு ஒழுகினாலும், காய்ச்சல் இல்லாமல் இருமினாலும், ஓடியாடும் பிள்ளை பள்ளிக்குப் போகலாம். பையில் ஒரு முகக்கவரி போதும். இதில் எதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு வெப்பமானியும், மருந்து கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்க்கும் பழக்கமும்.

படிக்காத பெற்றோருக்கு இதையெல்லாம் சீர்தூக்கத் தெரியுமா என்பது அடிக்கடி எழும் ஐயம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்ததைக் கவனித்தால் அந்த ஐயம் கொஞ்சம் தணியும். அம்மை கண்ட பிள்ளையை யாரும் பள்ளிக்கு அனுப்பியதில்லை. வாசலில் வேப்பிலை செருகுவார்கள்; அக்கம்பக்கத்தார் உள்ளே வர மாட்டார்கள்; வீட்டார் விசேஷத்துக்குப் போக மாட்டார்கள்; கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே பிள்ளை தெருவில் இறங்கும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகே பள்ளிக்குத் திரும்பலாம் என்று இன்றைய மருத்துவம் சொல்வதும் ஏறக்குறைய இதே இடத்தில் வந்து நிற்கிறது. மாரியம்மன் பெயரால் நடந்த அந்த ஒழுங்குக்குச் சீட்டு தேவைப்படவில்லை. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிந்தன, ஊரே அதை ஏற்றுக்கொண்டிருந்தது, நிறுத்தியதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அதன் குறையையும் மறைக்க வேண்டாம். அம்மன் வந்திருக்கிறாள் என்று கிளினிக் பக்கமே போகாமல் இருந்ததால், நுரையீரல் அழற்சி போன்ற சிக்கல்களைத் தாமதமாகக் கண்ட குடும்பங்கள் உண்டு. கடுமையான தட்டம்மையையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு. தெளிவான அடையாளத்தைக் கொடுத்தால் எந்தத் தாயாலும் சரியாக முடிவெடுக்க முடியும், எந்த இடத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

சீட்டைத் தளர்த்தினால் பொய் பெருகும், வருகை சரியும் என்பது வலுவான மறுப்பு. இங்கிலாந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஒவ்வொரு நோய் விடுப்புக்கும் மருத்துவச் சான்று கேட்க வேண்டாம், உண்மையான ஐயம் இருந்தால் மட்டும் கேளுங்கள் என்பதே கல்வித்துறை பள்ளிகளுக்குத் தரும் வழிகாட்டல். கோவிட்டுக்குப் பிறகு அங்கே வருகை சரிந்ததும் உண்மை. ஆனால் அதற்குச் சான்றைக் கட்டாயமாக்குவதை அவர்கள் மருந்தாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி பள்ளிகளுக்கு எழுதிய கடிதத்தில், இலேசான இருமல் சளியோடு பிள்ளைகள் வருவது பொதுவாகச் சரியே என்று பெற்றோருக்குத் தைரியம் சொன்னார். நம் ஊருக்கு வந்தால், பொய்யைக் கண்டுபிடிப்பதில் சீட்டைவிட வகுப்பாசிரியரின் நினைவு கூர்மையானது. திங்கட்கிழமைகளில் மட்டும் காய்ச்சல் வரும் பிள்ளையையும், தைப்பூசத்துக்கு மறுநாள் வயிறு வலிக்கும் பிள்ளையையும், பாட்டி ஊருக்குப் போன வாரத்தில் மட்டும் தலைவலிக்கும் அக்காவையும் பதிவேட்டின் ஒரு மாதப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். வகுப்புக்கு இருபது பிள்ளைகளும் இல்லாத பள்ளிகளில் ஆசிரியருக்குக் குடும்பத்தின் ஷிப்டு நேரம்கூடத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிவரும் உண்மை எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்காது. பொய் சொல்லத் துணிந்தவருக்குக் கிளினிக்கில் இருமிக் காட்டுவதும் பெரிய வித்தையில்லை.

இங்கிலாந்தை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. அங்கே இரண்டு நாள் காய்ச்சலை வீட்டிலேயே பார்த்துக்கொள் என்றால் அது பெரும்பாலும் பாதுகாப்பான அறிவுரை. ஏடிஸ் கொசு தண்ணீர்த் தொட்டியில் முட்டையிடும் மலாக்காவில் அதே அறிவுரை உயிருக்கு உலை வைக்கும். எனவே இங்கே எல்லைக் கோட்டை வேறு இடத்தில் போட வேண்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், காய்ச்சல் விட்டும் பிள்ளை துவண்டால், கொப்புளமோ தடிப்போ கண்டால் கிளினிக்குக்குப் போவது கட்டாயம். அப்போது பள்ளி சீட்டைக் கேட்கட்டும். அந்தச் சீட்டுக்கு மருத்துவ அர்த்தம் உண்டு, அதன் பின்னால் ஓர் இரத்தப் பரிசோதனையாவது இருக்கும். வெறும் சளிக்கு வரிசையில் நிற்பவர்கள் குறைந்தால் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க மருத்துவருக்கும் நேரம் கிடைக்கும். காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் கொடுக்க வேண்டாம், டிங்கியாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும் என்ற ஒரு வரியையும் பள்ளி அனுப்பும் அறிவிப்பில் சேர்த்தால், அது பத்து எச்சரிக்கைக் கடிதங்களைவிடப் பயன் தரும்.

எல்லாம் சொன்ன பிறகும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது: பிள்ளையோடு யார் வீட்டில் இருப்பது? தோட்ட காலத்தில் வேலைக்காட்டுக்குப் போன தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. காயத்துக்கும் காய்ச்சலுக்கும் டிரெசர் இருந்தார். வரிசை வீடுகளில் எந்நேரமும் ஒரு பாட்டியின் கண் இருந்தது. அந்த வாழ்க்கையின் வறுமையையும் கட்டுப்பாட்டையும் புகழ வேண்டியதில்லை. ஆனால் ரப்பர் செம்பனையாகி, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது, இந்த மூன்று துணைகளும் உடன் வரவில்லை. வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளிக்குத் தரும் 14, 18, 22 நாள் நோய் விடுப்பு அவர் சொந்த உடம்புக்கு மட்டும்; பிள்ளையின் காய்ச்சலுக்கு அதில் ஒருநாளும் கிடையாது. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், வேலை நேரத்தை மாற்றிக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை தந்து, 60 நாளுக்குள் பதில் சொல்ல முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் இன்று காலை அடிக்கும் காய்ச்சலுக்கு 60 நாள் கழித்து வரும் பதில் என்ன செய்யும்? ஆண்டுக்கு மூன்று நான்கு நாளாவது, பிள்ளையின் நோய்க்கென்று படி வெட்டாத விடுப்பு சட்டத்தில் வர வேண்டும். தொழிற்சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதை மகளிர் கோரிக்கை என்று ஒதுக்காமல், பொதுச் சுகாதாரக் கோரிக்கையாக எடுத்துப் பேசினால் முதலாளிகளும் காது கொடுப்பார்கள். ஒரு பிள்ளையின் இன்புளுவென்சா ஒரு வகுப்பையும், அந்த வகுப்பின் பெற்றோர் வேலை செய்யும் உற்பத்தி வரிசையையும் படுக்க வைத்துவிடும்.

சட்டம் மாறும் வரை பள்ளி காத்திருக்கத் தேவையில்லை. அதன் கைக்கு எட்டியவை பல. முதல் இரண்டு நாளுக்குக் காலை ஏழரைக்குள் வகுப்பாசிரியருக்கு வரும் பெற்றோரின் செய்தியே நோய் விடுப்புக்குப் போதும் என்று தலைமையாசிரியர் எழுத்தில் அறிவிக்கலாம். மூன்றாம் நாளிலிருந்தும், டிங்கி, கை கால் வாய் நோய், அம்மை போன்றவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்று அதே அறிவிப்பில் சொல்லலாம். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை செய்தி வந்தால் ஆசிரியர் வீட்டுக்கே போய் விசாரிக்கலாம். எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன்னால் அந்த விசாரிப்பு வர வேண்டும். 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூர் தன் மாணவர்களுக்கெல்லாம் வெப்பமானி கொடுத்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பரிசளிப்பு விழாக் கோப்பைச் செலவில் வசதி குறைந்த வீடுகளுக்காவது அதைச் செய்யலாம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்ட பிறகு, ஒருநாள் பாடம் போனால் எல்லாம் போச்சு என்ற பழைய பதற்றத்துக்கும் இடம் குறைந்துவிட்டது. விடுபட்ட பாடத்தை மறுநாள் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் போதும். எம்.சி.யை ஒழிக்க வேண்டியதில்லை. நோயைக் கண்டறிய வேண்டிய இடத்தில் அதை வைத்துக்கொண்டு, பெற்றோரை வேவு பார்க்கும் வேலையிலிருந்து அதை விடுவித்தால் போதும். பிள்ளையை நேர்மையாக வீட்டில் நிறுத்திய தாய்க்குத் தண்டனையும் மருந்து கொடுத்து அனுப்பியவருக்குக் கோப்பையும் கிடைக்கும் வரை, எந்த விதியை எழுதினாலும் காய்ச்சல் வேனில் ஏறிப் பள்ளிக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.